வாத்தியாருக்கு வீடு எங்கே? ஹாக்வார்ட்ஸ் ஆசிரியர்களின் மணவாழ்க்கை குறித்துச் சில குறிப்புகள்

1

ஹாக்வார்ட்ஸ் வாத்தியார்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா, இல்லையா? ஹாரி பாட்டர் நாவல்களை வாசிக்கிற பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது. பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பறக்கிற துடைப்பம், மூன்று தலை நாய் எல்லாவற்றையும் நம்பிவிட்டு, வாத்தியாரின் வீட்டுக்காரம்மா எங்கே என்று கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும். எனக்கு இது சிரித்துத் தள்ளுகிற கேள்வியாகப் படவில்லை. ஒரு பிரதி சொல்வதைப் போலவே அது சொல்லாமல் விடுவதிலும் அரசியல் இருக்கிறது என்று பேசிப் பழகியவர்கள் நாம். ஏழு நாவல்கள் (1997-2007), ஒரு கோட்டை நிறைய ஆசிரியர்கள். ஒருவர்கூடத் தன் துணையோடு சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்காரவில்லை. இந்த மௌனத்தை எப்படி வாசிப்பது?

'கதை ஒரு பையனின் கண் வழியாக வருகிறது, பையனுக்கு வாத்தியார் வீட்டைப் பற்றி என்ன தெரியும்?' என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. அது பாதிதான் சரி. இதே கண்தான் வீஸ்லி வீட்டு அடுப்படியையும் அவர்களுடைய பணமுடையையும் பார்க்கிறது. ஸ்னேப் இளமையில் பட்ட அவமானம் வரைக்கும் போய் எட்டிப் பார்க்கிறது. பார்க்கத் தெரியாத கண் அல்ல. தொடர் முடிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வாசகர்கள் ரௌலிங்கிடம் இதைக் கேட்டார்கள். சிலருக்கு மணமாகியிருக்கிறது, அந்த விவரத்தை இப்போது சொல்வதற்கில்லை என்கிற பொருளில் அவர் பதில் சொன்னார். ஏழாவது நாவலும் வந்து முடிந்தது. அந்தச் சிலர் யாரென்று நாவலுக்குள் வரவேயில்லை. ஆக, இது மறதியால் வந்த மௌனம் அல்ல.

2

நாவல்கள் தருகிற கணக்கை முதலில் பார்த்துவிடலாம்.

ஸ்னேப் செத்துப்போன லில்லியின் நினைவிலேயே வாழ்ந்து சாகிறார். ஹாக்ரிட் பாதி மனிதர், பாதி ராட்சதர். பிரெஞ்சு மந்திரப் பள்ளியின் தலைமையாசிரியை மாக்ஸிம் மேல் ஆசைப்படுகிறார். நீங்களும் என்னைப் போலத்தானே என்று பிறப்பைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மா கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறார். லூபின் பௌர்ணமியில் ஓநாயாகிறவர். அது வெளியே தெரிந்ததும் வேலையை விட்டுப் போகிறார். பிற்பாடு டோங்ஸ் அவரை விரும்பும்போது, எனக்கு வயசாகிவிட்டது, காசில்லை, என்னால் ஆபத்து என்று தள்ளித் தள்ளிப் போகிறார். கடைசியில் மணமாகிறது, குழந்தை பிறக்கிறது, கைக்குழந்தையை விட்டுவிட்டு இருவரும் போரில் சாகிறார்கள்.

இன்னும் சில விவரங்களை ரௌலிங் பின்னாளில் தனிக்குறிப்புகளாக எழுதினார். மெக்கோனகல் நடுவயது தாண்டி எல்ஃபின்ஸ்டோன் அர்க்கார்ட் என்பவரை மணந்தார், தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, ஊருக்குள் ஒரு சிறு வீட்டில் குடியிருந்தார். மூன்றே ஆண்டில் ஒரு விஷச்செடி கடித்துப் புருஷன் செத்துப்போகிறார். அந்த அம்மா மூட்டை கட்டிக்கொண்டு கோட்டையில் இருந்த தன் பழைய அறைக்கே திரும்பிவிடுகிறார். எதிர்காலம் சொல்லும் ட்ரெலானிக்கும் இளவயதில் ஒரு கல்யாணம் நடந்தது. புருஷனுடைய குடும்பப் பெயரைச் சூட்டிக்கொள்ள மாட்டேன் என்றதில் முறிந்துபோனது.

தொகுத்துப் பார்த்தால் ஒரு விதி தெரிகிறது. மணவாழ்க்கை வேலைக்கு முன்னால் இருக்கலாம், வேலை போன பின்னால் இருக்கலாம். வேலையின் நடுவில் வந்தால் சாவு வந்து அதை முடித்துவைக்கும். கோட்டைக்கு உள்ளே அதற்கு இடமில்லை.

3

இந்த விதியை ரௌலிங் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தின் கல்வி நிறுவனங்களுக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கல்லூரி ஃபெலோக்கள் மணம் செய்துகொண்டால் பதவியை விட்டுவிட வேண்டும். மடாலயத்திலிருந்து வந்த இந்த வழக்கம் 1882 வாக்கில்தான் பெரும்பாலும் நீங்கியது. கற்பிக்கிறவனின் உடல் நிறுவனத்துக்கே நேர்ந்துவிடப்பட்டது என்கிற கருத்து இதற்குள் இருக்கிறது.

பள்ளிக்கதைகள் இந்தக் கருத்தை உணர்ச்சியாக மாற்றித் தந்தன. ஜேம்ஸ் ஹில்டனின் 'குட்பை, மிஸ்டர் சிப்ஸ்' (1934) நாவலில் சிப்ஸுக்கு மணமாகிறது. கொஞ்ச காலத்தில் பிரசவத்தில் தாயும் சேயும் இறந்துபோகிறார்கள். அதன் பிறகு அவர் முழுசாகப் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். எந்த நிறுவனம் லாபமடைந்தது என்று கேட்பதில்லை. மெக்கோனகலின் கதை இதே அச்சில் வார்த்தது.

ஆணுக்குத் தியாகம் என்று சொல்லப்பட்டது பெண்ணுக்குச் சட்டமாக வந்தது. முதல் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டனில் பல உள்ளாட்சிக் கல்வி நிர்வாகங்கள் மணமான ஆசிரியைகளை வேலையை விட்டு நீக்கின. ஆசிரியர்களுக்கு இந்தத் தடை கிடையாது. மணமானதற்காக ஒரு பெண்ணைத் தகுதியற்றவள் ஆக்கக்கூடாது என்று 1919இலேயே சட்டம் வந்திருந்தும், வேல்ஸில் ரொண்டா பகுதி நிர்வாகம் மணமான ஆசிரியைகளை நீக்கியது செல்லும் என்று 1923இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. லண்டன் கவுண்டி கவுன்சில் 1935இல் தடையை விலக்கிக்கொண்டது. இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் 1944 கல்விச் சட்டம்தான் முடிவு கட்டியது. எனிட் பிளைட்டனின் விடுதிப்பள்ளிக் கதைகளில் டீச்சர்கள் பெரும்பாலும் 'மிஸ்' ஆகவே இருப்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். ஹாக்வார்ட்ஸில் 'மிஸ்', 'மிஸஸ்' இரண்டும் போய் அநேகமாக எல்லாரும் 'புரொஃபசர்' ஆகிறார்கள். மரியாதைதான். அந்த மரியாதைக்குள் கேள்வியும் அடக்கமாகிவிடுகிறது.

இன்னொரு சட்டம் நாவல்கள் எழுதப்பட்ட காலத்துக்கே உரியது. உள்ளாட்சிகள் ஓரினச்சேர்க்கையை 'ஊக்குவிக்க'க் கூடாது என்ற 28ஆவது பிரிவு 1988இல் வந்தது. ஸ்காட்லாந்தில் 2000 வரையிலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 வரையிலும் இருந்தது. தன் பாலின விருப்பம் தெரிந்துவிடக் கூடாதென்று எத்தனையோ ஆசிரியர்கள் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் அது. தொடரின் முதல் ஐந்து நாவல்கள் இந்தச் சட்டம் முற்றாக நீங்குவதற்கு முன்பே வந்தவை. டம்பிள்டோர் ஆண்களை விரும்பியவர் என்று ரௌலிங் சொன்னது 2007 அக்டோபரில், நியூயார்க் மேடை ஒன்றில், கடைசி நாவலும் அச்சாகிய பிறகு. சட்டத்துக்குப் பயந்து மறைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. வாத்தியாரின் படுக்கையறை வெளியே தெரியாமல் இருப்பதே ஒழுங்கு என்று நம்பிய ஒரு சமூகத்துக்கு, டம்பிள்டோரின் மௌனம் இயல்பாகவே பட்டிருக்கும். மௌனம் எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை என்கிறேன்.

4

சரி, சோறு யார் ஆக்கிப் போடுறது? துணி யார் துவைக்கிறது?

நிஜமான ஆங்கில விடுதிப்பள்ளிகளில் மணமான ஆசிரியர்கள் இருந்தார்கள். ரக்பி பள்ளிக்கு 1828இல் தலைமையாசிரியராக வந்த தாமஸ் ஆர்னால்டு மனைவி மக்களோடு பள்ளியில்தான் குடியிருந்தார். விடுதி ஆசிரியரின் மனைவி என்பது ஊதியப் பட்டியலில் ஏறாத ஒரு வேலை. காய்ச்சல் வந்த பையனைப் பார்த்துக்கொள்வது, வேலையாட்களை மேய்ப்பது, விருந்தாளிக்குத் தேநீர் கொடுப்பது எல்லாம் அதில் அடக்கம். ஆக, மணவாழ்க்கை இல்லாத பள்ளிக்கூடம் என்பது யதார்த்தச் சித்திரிப்பு அல்ல, ஒரு கற்பனை. மனைவியை எடுத்துவிட்டால் அவர் செய்த வேலையை யாராவது செய்தாக வேண்டும்.

நான்காவது நாவலில் அந்த யாரோ வெளிப்படுகிறார்கள். ஹாக்வார்ட்ஸ் அடுக்களையில் நூற்றுக்கும் மேற்பட்ட வீட்டுக் குட்டிச்சாத்தான்கள் சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள். தட்டில் சோறு தானாக வந்து விழுவது மந்திரம் அல்ல, அவர்களுடைய உழைப்பு. ஹெர்மயனி அங்கே பல நாள் சாப்பிட்ட பிறகுதான் இது அவளுக்கே தெரியவருகிறது. டாபி சம்பளம் கேட்கிறான். டம்பிள்டோர் வாரம் 10 காலியனும் வார இறுதி விடுமுறையும் தருவதாகச் சொல்ல, டாபி பேரம்பேசி வாரம் 1 காலியன், மாதம் 1 நாள் விடுப்பு என்று குறைத்துக்கொள்கிறான். உரிமையை எவ்வளவு வரைக்கும் கேட்கலாம் என்று அடிமைத்தனம் அவனுக்குள் உட்கார்ந்து அளந்து சொல்கிறது. வாத்தியார்கள் ஒற்றையாளாக வாழ முடிகிறதென்றால் அதற்குக் கீழ்த்தளத்தில் இந்த அடுக்களை இருக்கிறது.

5

ஐந்தாவது நாவலில் அம்பிரிட்ஜ் அம்மையார் அரசாங்கத்தின் சார்பில் வந்து ஆசிரியர்களை அளந்து பார்க்கிறார். 26ஆம் எண் ஆணையின்படி, சம்பளம் வாங்குகிற பாடத்தைத் தவிர வேறெதையும் ஆசிரியர்கள் மாணவர்களிடம் பேசக் கூடாது. வாத்தியாருக்குத் தனிவாழ்க்கை இல்லை என்கிற பழைய மௌனத்தை அம்பிரிட்ஜ் ஆணையாக எழுதி ஒட்டுகிறார், அவ்வளவுதான்.

பிறகு ட்ரெலானியை வேலையை விட்டு நீக்குகிறார். அந்த அம்மா முன்கூடத்தில் பெட்டிகளோடு நின்று கதறுகிறார். 16 வருஷமாக இதுதான் என் வீடு என்கிறார். இந்தக் காட்சியை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். போக வேறு இடமில்லை அவருக்கு. வேலை நீக்கமும் குடியிருப்பைக் காலி செய்வதும் ஒரே நிமிஷத்தில் நடக்கின்றன. டம்பிள்டோர் அங்கே ஒரு நுட்பமான சட்டப் பிரிவினை செய்கிறார். நீக்குகிற அதிகாரம் உங்களுக்கு உண்டு, கோட்டையை விட்டு வெளியேற்றுகிற அதிகாரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்கிறார். ட்ரெலானி தங்கிவிடுகிறார். காப்பாற்றியது அந்த ஒருவருடைய நல்ல மனசு. உரிமை என்று எதுவும் அங்கே இல்லை. எஜமான் துணியைக் கொடுத்துத் துரத்திய விங்கியும் இதே கோட்டைக்குத்தான் வந்து, அடுக்களை அடுப்போரம் குடித்துக்கொண்டு கிடக்கிறாள். மேல்தளத்து ஆசிரியையும் கீழ்த்தளத்து வேலைக்காரியும் ஒரே நிலையில் நிற்கிற இடம் இது.

கேள்வியின் முழு அர்த்தம் எனக்கு இங்கேதான் துலங்குகிறது. 'வாத்தியாருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா' என்று பிள்ளைகள் கேட்பது, இந்தக் கோட்டைக்கு வெளியே அவருக்கு ஒரு இடம் இருக்கிறதா என்பதைத்தான். மணமுறையைப் புனிதமாக்க நான் இதைச் சொல்லவில்லை. துணை, நண்பர், கூட்டுக்குடித்தனம், தனி அறை எதுவாகவும் இருக்கட்டும். நிறுவனம் தராத, நிறுவனம் பிடுங்கவும் முடியாத ஓர் இடம் வேண்டும். அது இல்லாதவரால் நிர்வாகத்தை எதிர்த்து நிமிர்ந்து நிற்க முடியாது. அர்ப்பணிப்பு என்று நாம் புகழ்கிற பலதும், போக்கிடம் இல்லாமையின் இன்னொரு பெயராக இருக்கலாம்.

ரௌலிங் பின்னால் சொன்ன செய்தி ஒன்று உண்டு. மூலிகைப் பேராசிரியராகிற நெவில், ஹன்னா என்ற தன் பள்ளித் தோழியை மணக்கிறான். அவள் லண்டனில் மதுக்கடை நடத்துகிறாள், கடைக்கு மேல்மாடியில் இருவரும் குடியிருக்கிறார்கள். வாத்தியார் சாராயக்கடை மாடியில் இருக்கிறார் என்பதில் மாணவர்களுக்கு ஒரே குஷி. கோட்டைக்கு வெளியே வீடுள்ள ஆசிரியர் என்று நான் சுட்டக்கூடியவர்களில் இவரும் ஒருவர். அந்த வீடும் நாவலுக்குள் வரவில்லை. நாவலின் கடைசி அத்தியாயத்தில் நெவிலுக்கு எங்கள் அன்பைச் சொல் என்று ஜின்னி சொல்லும்போது, ஒரு புரொஃபசரிடம் போய் எப்படி அன்பைச் சொல்வது என்று மகன் கூசிப்போகிறான். பையன் தப்பில்லை. பள்ளிக்கூடம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது.