காலை உணவில் ஓட்ஸ்: எந்த ஓட்ஸ் என்பதே கேள்வி

பிரிட்டனிலும் கனடாவிலும் நீரிழிவு நோய்க்காக மருத்துவரைப் பார்த்துத் திரும்பும் தமிழர்கள் பலருக்குக் கிடைக்கும் உணவு ஆலோசனைகளில் ஒன்று, காலையில் ஓட்ஸ் சாப்பிடுங்கள் என்பது. எந்த ஓட்ஸ் என்ற விவரம் அதில் விடுபட்டுப் போவதுண்டு. கடைக்குச் செல்பவரின் கண்ணில் எளிதில் படுபவை, கொதிநீர் ஊற்றினால் இரண்டே நிமிடங்களில் தயாராகிவிடும் சிறு பொட்டலங்கள்தான். நீரிழிவு நோயாளியைப் பொறுத்தவரை, ஓட்ஸ் வகைகளில் மிகக் குறைந்த பயன் தருவதும் அவையே.

தெற்காசியர்களுக்கு இது சிறிய விடயம் அல்ல. பிரிட்டனில் வெள்ளையினத்தவருடன் ஒப்பிடுகையில், தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம் என்று கணிக்கப்பட்டுள்ளது. இதைக் கருத்தில் கொண்டே, அந்நாட்டில் சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம், பொதுவாக 25 என இருக்கும் உடல் நிறைச் சுட்டெண்ணின் எச்சரிக்கை அளவைத் தெற்காசியர்களுக்கு 23 எனக் கொள்ள வேண்டும் என்று 2013ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

ஓட்ஸ், நெல்லைப் போலவே உமியுடன் விளையும் தானியம். உமி நீக்கிய பிறகு கிடைக்கும் மணியில் தவிடும் முளையும் அப்படியே இருக்கும். அதில் கொழுப்பும் ஏனைய தானியங்களை விடச் சற்று அதிகம் என்பதால், காறல் ஏற்படாதிருக்க ஆலையிலேயே அதைச் சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். அந்த மணியை எஃகுக் கத்திகளால் இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டினால் கிடைப்பதுதான் 'ஸ்டீல் கட் ஓட்ஸ்'. அயர்லாந்து ஓட்ஸ் என்றும் இதைச் சொல்வார்கள். ஸ்கொட்லாந்தில் இதற்குப் 'பின்ஹெட்', அதாவது குண்டூசித் தலை என்று பெயர். அரிசியில் நொய் என்றும் குறுணல் என்றும் தமிழர்கள் எதைச் சொல்கிறார்களோ, ஓட்ஸில் அதுவே இது.

அதே மணியை ஆவியில் வேகவைத்து உருளைகளுக்கு இடையே நசுக்கினால் தட்டையான ஓட்ஸ் கிடைக்கிறது. இது ஓட்ஸின் அவல். 1877ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குவேக்கர் என்ற வணிகப் பெயர் பதிவானதைத் தொடர்ந்து உலகெங்கும் பரவியது பெரும்பாலும் இந்த வகையே. 1920களில் இன்னும் மெல்லியதாக்கப்பட்ட விரைவு ஓட்ஸும், 1960களில் கொதிநீரே போதும் என்ற உடனடி ஓட்ஸும் வந்தன. அடுப்படியில் மிச்சமான நேரம், ஆலையில் கூடுதலாக நடக்கும் வேலையிலிருந்து வந்தது.

அந்த வேலைக்கு ஒரு விலை உண்டு. நார்ச்சத்திலும் புரதத்திலும் இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. வேறுபடுவது செரிமான வேகம். துண்டு பெரிதாகவும் கெட்டியாகவும் இருந்தால் அதிலுள்ள மாச்சத்தைச் செரிமான நொதிகள் மெல்ல மெல்லவே சென்றடைகின்றன. இரத்தத்தில் குளுக்கோஸ் நிதானமாக ஏறுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2015ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஊட்டச்சத்து ஆய்விதழில் வெளியான மீளாய்வு ஒன்றின்படி, இந்த ஏற்றத்தை அளக்கும் கிளைசீமிக் குறியீடு ஸ்டீல் கட் ஓட்ஸுக்கு 55, தடித்த தட்டை ஓட்ஸுக்கு 53, விரைவு ஓட்ஸுக்கு 71, உடனடி ஓட்ஸுக்கு 75. தூய குளுக்கோஸின் அளவு 100 எனக் கொள்ளப்படுகிறது.

இந்த எண்களில் ஸ்டீல் கட் ஓட்ஸை அற்புத உணவாகக் காட்டும் விளம்பரங்கள் சொல்லாத ஒன்றும் இருக்கிறது: தடித்த தட்டை ஓட்ஸ் அதற்குச் சளைத்தது அல்ல. பெரும் பிளவு இந்த இரண்டுக்கும் மெல்லிய வகைகளுக்கும் இடையில்தான். சுவையூட்டிய பொட்டலங்களில் ஓட்ஸுக்கு அடுத்தபடியாகச் சர்க்கரை இடம்பெறுவதும் வழக்கம். தமிழ்ச் சமையல் குறிப்புகளில் வரும் ஓட்ஸ் தோசையும் ஓட்ஸ் இட்லியும் கூட மாவாக அரைத்தே செய்யப்படுவதால், துண்டின் பருமனால் கிடைக்கும் பயன் அரைவையிலேயே போய்விடுகிறது.

ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவுகிறது. நாளொன்றுக்கு 3 கிராம் தேவை என்ற வரையறையை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1997ஆம் ஆண்டிலும் ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டிலும் ஏற்றன. ஒரு வேளைக் கஞ்சிக்கு எடுக்கும் 40 கிராம் ஓட்ஸில் அதன் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும்.

சமைப்பதில் உள்ள ஒரே இடையூறு நேரம். ஒரு பங்கு ஓட்ஸுக்கு நான்கு பங்கு நீர் விட்டு, சிறு தீயில் 25 முதல் 30 நிமிடங்கள் வேகவைக்க வேண்டும். முதலில் வெறும் சட்டியிலோ சிறிது நெய்யிலோ வறுத்துக் கொண்டால் வாசனை கூடும். வேலைக்குச் செல்வோருக்கு வேறு வழி உண்டு: இரவில் கொதிக்கும் நீரில் ஓட்ஸை இட்டு ஒரு நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்து மூடி, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால், காலையில் பத்து நிமிடங்களுக்குள் கஞ்சி தயார். பிரஷர் குக்கரில் வைப்பவர்கள் பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஓட்ஸ் நுரைத்துப் பொங்கி ஆவித் துளையை அடைத்துவிடக் கூடும்.

பாலும் சீனியும் சேர்த்த இனிப்புக் கஞ்சியாகத்தான் ஓட்ஸை உண்ண வேண்டும் என்பதில்லை. ஸ்கொட்லாந்தின் கார்பிரிட்ஜ் கிராமத்தில் 1994ஆம் ஆண்டில் தொடங்கிய உலகக் கஞ்சிப் போட்டியில், மரபு வழிக் கஞ்சிக்கு அனுமதிக்கப்படுபவை ஓட்ஸ், நீர், உப்பு ஆகிய மூன்று மட்டுமே. அங்கிருந்து மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்த தமிழர் கஞ்சிக்கு வெகுதூரம் இல்லை. இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, நீரைக் குறைத்துக் கிளறினால் உப்புமாவாகவும் வரும்.

இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள், காலை உணவை அடியோடு மாற்றுவதற்கு முன்னர் மருத்துவரிடம் சொல்வது அவசியம். குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோய் உள்ளவர்கள், குளூட்டன் அற்றது என்று குறிப்பிட்ட பொதிகளையே நாட வேண்டும். கோதுமை கையாளும் ஆலைகளில் ஓட்ஸுடன் அது கலந்துவிடுவதுண்டு. மற்றவர்களுக்கு, பொதியின் முன்பக்கப் படத்தை விடப் பின்பக்கத்தில் உள்ள சமையல் நேரமே நல்ல வழிகாட்டி. இரண்டு மூன்று நிமிடங்கள் என்றிருந்தால் அது மெல்லிய வகை. 25 நிமிடங்கள் என்றிருந்தால் வெட்டிய மணி.