எட்டு கிலோவில் எவ்வளவு தண்ணீர்?

"ஒரு கிலோ மக்காச்சோளம் போட்டா எட்டு கிலோ பச்சை வருதாமே, அக்கா?" ஆவடிப் பக்கத்துப் பட்டாபிராமில் பக்ரீத்துக்காகச் செம்மறிக் குட்டி வளர்ப்பவர்கள் என்னைப் பார்த்தால் இதைத்தான் கேட்கிறார்கள். வரும், உண்மைதான். அதை வெயிலில் நன்றாகக் காயவைத்து நிறுத்துப் பாருங்கள் என்பேன்.

மக்காச்சோளத்தை ஒரு நாள் ஊறவைத்து, ஈரச் சாக்கில் கட்டி, முளை எட்டிப் பார்த்ததும் தட்டில் பரப்பித் தண்ணீர் தெளித்து வந்தால், ஏழெட்டு நாளில் முளைப்பாரி போல அடர்ந்து நிற்கும். இதுதான் முளைத்தீவனம். ஆனால் அந்த நாட்களில் விதை தன் மாவுச்சத்தையே எரித்து வளர்கிறது. கூடிய எடை அத்தனையும் தண்ணீர். அந்த எட்டு கிலோ பச்சை காய்ந்தால் ஏறக்குறைய முக்கால் கிலோதான் மிஞ்சும்; நாம் போட்ட தானியத்தைவிடக் குறைவு. புரதம் கூடுகிறது என்பார்கள். மாவுச்சத்து குறைந்ததால் சதவீதத்தில் தெரிகிற ஏற்றம் அது.

பதினைந்து கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு கிராம் உலர் தீவனம் வேண்டும். முளைத்தீவனத்தை மட்டும் கொடுத்தால் ஐந்தாறு கிலோ தின்றாக வேண்டும். அவ்வளவு ஈரத்தை அந்தச் சின்ன வயிறு எப்படித் தாங்கும்? நம் பகுதிக்கே உரிய சென்னை சிவப்பு ஆட்டுக்குட்டியும் இதற்கு விதிவிலக்கல்ல. அதனால் நான் அரை கிலோ முளைத்தீவனத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மீதிக்குக் கடலைக்கொடியும் அடர்தீவனமும். தானியத்தைத் திடீரென்று கூட்டினால் துள்ளுமாரி நோய் வந்து கொழுத்த குட்டியே முதலில் சாகும். தடுப்பூசி போடாமல் கொழுக்க வைக்கத் தொடங்காதீர்கள்.

முளைத்தீவனம் வீண் என்று சொல்லவில்லை. மேய்ச்சல் நிலமெல்லாம் மனைகளாகிவிட்ட ஆவடிப் பக்கத்தில், கோடையில் குட்டிக்கு ஒரு வாய் பச்சை கிடைப்பதே பெரிது. குட்டிகள் விரும்பித் தின்கின்றன, உயிர்ச்சத்தும் சேர்கிறது. பூஞ்சைதான் என் கவலை. இங்குள்ள புழுக்கத்தில் தட்டில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ படர்ந்துவிட்டால் அந்தத் தட்டு முழுவதையும் கொட்டிவிட வேண்டும். மேலாக வழித்துவிட்டுக் கொடுக்கக் கூடாது. விதைக்கடையில் மருந்து பூசி விற்கும் மக்காச்சோளத்தைத் தொடவே வேண்டாம்.

கொஞ்சம் இடம் இருப்பவர்களுக்கு நான் முளைத்தட்டைச் சொல்வதில்லை, வேலிமசாலைச் சொல்கிறேன். ஒருமுறை விதைத்தால் சில ஆண்டுகள் அறுக்கலாம், புரதமும் நிறைய. ஆவடியை அடுத்த அலமாதியில் மத்திய அரசின் தீவன நிலையம் இருக்கிறது. தட்டு வாங்கப் பணம் எடுத்து வைத்தவர்கள், அதற்கு முன் அங்கே ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வரலாம்.