கறுப்புத் தோலுக்குப் புற்று வராதா?



போன மாதம் எங்கள் விலங்கியல் வகுப்பில் தோல் பாடம் நடந்தது. டீச்சர் 'தோல் புற்றுநோய்' என்று சொல்லி வாய் மூடவில்லை, பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "அதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு டீச்சர், நமக்கு வராது!" வகுப்பே சிரித்தது. அந்தப் பேச்சில் பாதி உண்மைதான். மீதிப் பாதியை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் நோய் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிப் படி ஏறுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். நம் மேல்தோலின் அடியில் மெலனோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. மெலனின் என்ற நிறப்பொருளைச் செய்வது இவைதான். வேடிக்கை என்னவென்றால், கறுப்பாக இருப்பவருக்கும் சிவப்பாக இருப்பவருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான்! கறுத்த தோலில் அவை மெலனினை அதிகமாகச் செய்கின்றன, அது தோல் முழுக்கப் பரவி நிற்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மெலனின் ஒவ்வொரு செல்லின் உட்கருவுக்கும் மேலே குடை மாதிரி கவிந்து நின்று வெயிலை வாங்கிக்கொள்கிறது. சன்ஸ்க்ரீன் டப்பாக்களில் எஸ்.பி.எஃப். என்று ஒரு எண் போட்டிருக்குமே, அந்தக் கணக்கை வைத்து 1979-ல் அமெரிக்காவில் தோலையே அளந்து பார்த்தார்கள். கறுப்பின மக்களின் மேல்தோலுக்குச் சுமார் 13 வந்தது, வெள்ளையர் தோலுக்குச் சுமார் 3 தான்! நாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். நம்ம பள்ளியில் சில பேருக்குக் 'கரிச்சட்டி' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். பட்டம் வைத்தவர்களை விட அந்தக் கரிச்சட்டிக்குத்தான் பிறவியிலேயே பெரிய குடை கிடைத்திருக்கிறது!

வெயில் என்ன செய்கிறது? சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக்கதிர் இருக்கிறது. அதில் மிக மோசமான பகுதியை ஓசோன் படலம் தடுத்துவிடும். மீதி நம் மேல் விழுகிறது. டி.என்.ஏ. ஏணி மாதிரி இருக்கும் என்று படித்திருக்கிறோம் இல்லையா? புற ஊதாக்கதிர் பட்டால் அந்த ஏணியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். செல் சும்மா இருப்பதில்லை. ஒட்டிய துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. இது எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்த அஸீஸ் சாங்கார் என்ற துருக்கி விஞ்ஞானிக்கு 2015-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ரிப்பேர் செய்யாமல் விட்டுப்போன பிழைகள் வருஷக்கணக்கில் சேர்ந்து, 'நிறுத்து' என்ற கட்டளையையே செல் மறந்துவிட்டால், அதுதான் புற்றுநோய்.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். குளிர்நாட்டிலிருந்து போய்க் குடியேறிய வெள்ளைத் தோல், தலைக்கு மேலே சுடும் வெயில். அங்கே 70 வயதுக்குள் மூன்று பேரில் இரண்டு பேருக்கு ஏதாவது ஒரு வகைத் தோல் புற்று கண்டுபிடிக்கப்படுகிறது. 1981-ல் ஒரு கடற்பறவை பொம்மையை டி.வி.யில் ஆடவிட்டு, 'சட்டையை மாட்டு, கிரீமைப் பூசு, தொப்பியைப் போடு' என்று பிரசாரம் ஆரம்பித்தார்கள். அங்கே பல பள்ளிகளில் தொப்பி கொண்டுவராத பையன் இடைவேளையில் மைதானத்தில் ஓட முடியாது, நிழலில்தான் உட்காரணும். (இதை நம்ம பி.டி. சார் படிக்காமல் இருக்கணுமே!)

இந்த நோயில் முக்கியமாக மூன்று வகை உண்டு. முதலாவது அடித்தளச் செல் புற்று. உலகத்தில் இதுதான் அதிகம். மூக்கு, கண்ணோரம், கன்னம் என்று பெரும்பாலும் முகத்தில் முத்து மாதிரி பளபளப்பான கட்டியாக ஆரம்பிக்கும். நம் தோலில் இது பெரும்பாலும் கறுப்பாகவே வரும், அதனால் மச்சம் என்று விட்டுவிடுவார்கள். மெதுவாக வளரும், உள் உறுப்புகளுக்குப் பரவுவது மிக அபூர்வம். ஆனால் அப்படியே விட்டால் மூக்கையே அரித்துவிடும். இரண்டாவது செதிள் செல் புற்று. சொரசொரப்பாக, மேலே பொருக்கு கட்டி, தொட்டால் ரத்தம் கசியும் புண் இது. கவனிக்காவிட்டால் நெறிகட்டிப் பரவும். மூன்றாவது மெலனோமா. குடை பிடிக்கிற அந்த மெலனோசைட்டே கெட்டுப்போவது இது. எண்ணிக்கையில் குறைவு, ஆளைக் கொல்வதில் முதலிடம்.

இனி அந்தப் பின் பெஞ்ச் நண்பர் விட்டுவிட்ட பாதிக்கு வருவோம். கறுத்த தோலில் மெலனோமா வந்தால் பெரும்பாலும் எங்கே வரும் தெரியுமா? உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி! வெயிலே படாத இடங்கள். இந்த வகைக்கு வெயில் காரணமில்லை, அதனால் மெலனின் குடை இருந்தும் பயனில்லை. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்கு இப்படித்தான் ஆனது. கால் பெருவிரல் நகத்தடியில் இருந்ததைக் கால்பந்து ஆடும்போது பட்ட அடி என்றே நினைத்தார்கள். 1977-ல் மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுக்கச் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. உடம்பு முழுக்கப் பரவி 1981 மே 11 அன்று இறந்துபோனார். வயது 36.

அதுக்காக நகத்தில் அடிபட்டுக் கறுத்தவர்கள் எல்லாம் பயந்துவிட வேண்டாம். ரத்தம் கட்டிய கறுப்பு, நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போய்விடும். கை நகம் என்றால் ஆறு மாதம், கால் நகம் என்றால் ஒரு வருஷத்துக்கு மேலே ஆகும். நகராமல் அதே இடத்தில் நின்று அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு, அதுவும் ஒரே ஒரு விரலில், நகம் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் கறுப்பு இறங்கினால், உடனே டாக்டரிடம் போகணும்.

செதிள் செல் புற்றுக்கும் நம்மைப் போன்றவர்களிடம் வெயிலை விட வேறு காரணங்கள்தான் பெரிசு. தீக்காயம் பட்டுச் சரியாக ஆறாத பெரிய தழும்பு, வருஷக்கணக்கில் ஆறாத கால் புண், தோல் ஓயாமல் உரசும் இடம். தோல் மறுபடி மறுபடி கிழிந்து மறுபடி மறுபடி வளரும்போது, செல்கள் ஓயாமல் நகல் எடுக்க வேண்டியிருக்கிறது. நோட்ஸை நூறு தடவை எழுதினால் எங்காவது எழுத்துப்பிழை வராதா? அது மாதிரிதான். தழும்பு புற்றாக மாறச் சராசரியாக 30 வருஷம்கூட ஆகலாம்.

காஷ்மீரில் குளிருக்குக் காங்கிரி என்று ஒன்று வைத்திருப்பார்கள். மண்சட்டியில் நெருப்புத் துண்டுகள், சுற்றிலும் பிரம்புக் கூடை. நீளமான அங்கிக்குள்ளே வயிற்றோடு அணைத்தபடி நடப்பார்கள். அந்தச் சூட்டால் வயிற்றிலும் தொடையிலும் புற்று வருவதை 1866-லேயே எல்ம்ஸ்லி என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் எழுதி வைத்தார். 1945-ல் பம்பாயில் கனோல்கர், சூர்யாபாய் என்ற இருவர் 'வேட்டிப் புற்று' பற்றி எழுதினார்கள். வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பு மடிப்பில் வருவது. சேலைக்கும் இதே கதைதான். 2024-ல் மகாராஷ்டிராவிலும் பீகாரிலும் இருந்து டாக்டர்கள் இரண்டு வயதான பெண்களின் இடுப்புப் புற்றைப் பற்றி ஒரு ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார்கள். வாழ்நாள் முழுக்க இறுக்கிக் கட்டியதுதான் காரணம் என்றார்கள். கவனியுங்கள், நாடா விஷம் இல்லை. ஒரே இடத்தில், ஒரே இறுக்கத்தில், வியர்வையோடு ஐம்பது வருஷம் என்பதுதான் விஷயம்.

இது ஏதோ தூர தேசத்துக் கதை இல்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு ஆயா இருக்கிறார். இடுப்பில் நாடா கட்டும் இடம் வருஷக்கணக்காகக் கறுத்துத் தடித்துப்போய் இருந்தது. அப்புறம் அதில் ஒரு புண். மஞ்சள் பூசினார், தேங்காய் எண்ணெய் பூசினார், மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் பூசினார். பத்து மாதம்! இடுப்பில் இருக்கிற புண்ணை ஒரு ஆம்பளை டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்ற கூச்சம்தான் பாதிக் காரணம். கடைசியில் அவர் மகள் திட்டி, அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். பயாப்சியில் செதிள் செல் புற்று என்று வந்தது. நல்ல வேளை, நெறிக்குப் பரவவில்லை. வெட்டி எடுத்துவிட்டுத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இரண்டு வருஷம் ஆச்சு, ஆயா நல்லா இருக்காங்க. இப்ப எப்பவும் நைட்டிதான், நாடாவைப் பார்த்தாலே திட்டுறாங்க!

வேறு ஒரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மேற்கு வங்காளத்திலும் வங்கதேசத்திலும் பல ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் கலந்திருக்கிறது. பல வருஷம் அதைக் குடித்தவர்களுக்கு உள்ளங்கை, உள்ளங்காலில் ஆணி மாதிரி முடிச்சுகள் வந்து, சிலருக்கு அதுவே புற்றாகிறது. தோலுக்கு ஆபத்து வாய் வழியாகவும் வரும்!

எப்படிக் கண்டுபிடிப்பது? மச்சத்தைப் பார்க்க டாக்டர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நடுவில் கோடு போட்டால் இரண்டு பாதியும் ஒத்துப்போகிறதா, ஓரம் வழவழப்பாக இருக்கிறதா இல்லை மேப்பில் வரும் கடற்கரை மாதிரி வளைந்து நெளிந்திருக்கிறதா, ஒரே நிறமா பல நிறமா, 6 மில்லிமீட்டருக்கு மேலா (பென்சில் முனையில் இருக்கும் ரப்பர் அளவு), எல்லாவற்றுக்கும் மேலாக, மாறிக்கொண்டே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் கடைசிக் கேள்வி ஒன்று போதும். பிறந்ததிலிருந்து அப்படியே இருக்கும் மச்சம் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. புண்ணுக்கு இன்னும் சுலபமான கணக்கு. நாலு வாரத்தில் ஆறாத புண்ணை டாக்டர் பார்த்தே ஆகணும். அது வலிக்காவிட்டாலும்தான். ஆரம்பத்தில் இது பெரும்பாலும் வலிக்காது, ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள்தான் இதற்கு நல்ல நாள். எப்படியும் உடம்பு முழுக்கக் கை போகும். உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள், விரல் இடுக்கு, நகம், இடுப்பு மடிப்பு எல்லாம் பாருங்கள். தாத்தா பாட்டிக்குக் குனிய முடியாது, கண்ணும் தெரியாது. அவர்கள் காலை நாம்தான் பார்க்கணும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் என்றால் காலில் புண் இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கும்.

மரு என்று நினைத்து அம்மான் பச்சரிசிப் பால் வைப்பது, குதிரை முடி கட்டுவது, சுண்ணாம்பு தடவுவது, பிளேடால் சீவுவது எல்லாம் நம்ம ஊரில் நடக்கிறது. புற்றாக இருந்தால் மேலே உதிர்ந்து உள்ளே வளரும், டாக்டருக்கும் அடையாளம் தெரியாமல் போகும். அடுத்தது, 'கத்தி வெச்சா பரவிடும்' என்ற பயம். பயாப்சி என்றால் மரத்துப்போக ஊசி போட்டுச் சின்னத் துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, அவ்வளவுதான். கத்தி வைத்ததால் பரவுவதில்லை, கத்தி வைக்காமல் தள்ளிப்போட்டதால்தான் பரவுகிறது. ஆரம்பத்தில் வந்தால் பெரும்பாலும் வெட்டி எடுத்ததோடு குணமாகிவிடும். தொட்டால் ஒட்டிக்கொள்கிற நோயும் இல்லை இது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. பெண் டாக்டர்தான் வேண்டும் என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

வெயில் விஷயத்தில் நமக்கு அதிகம் செலவு இல்லை. காலை 10 மணியிலிருந்து மாலை 4 வரை வெயில் கடுமை. நிழல் உங்களை விடக் குட்டையாக இருந்தால் வெயில் உச்சத்தில் இருக்கிறது என்று அர்த்தம், வாட்ச் தேவையில்லை. வயல் வேலைக்குப் போகும் அம்மாக்கள் சேலைக்கு மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டு கட்டுவாங்களே, அதை விட நல்ல பாதுகாப்பு இல்லை. மெலனின் பிறவியிலேயே இல்லாத அல்பினிசம் உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. (வெண்புள்ளி வேறு, இது வேறு.) அவர்களுக்குத் தொப்பி, முழுக்கை, எஸ்.பி.எஃப். 30-க்கு மேலே உள்ள சன்ஸ்க்ரீன் எல்லாம் தினமும் வேண்டும். காலை வழிபாட்டில் அவர்களை நிழலில் நிற்க வைத்தால் அது சலுகை இல்லை, மருந்து. நாம் வாங்கிப் பூசும் சிவப்பழகு கிரீமை வெயிலுக்குப் பாதுகாப்பு என்று நம்பிவிட முடியாது. சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அது தோலை மெலிசாக்கிவிடும். அந்தக் காசுக்கு ஒரு நல்ல தொப்பி வாங்கலாம்.

சந்தேகம் இருப்பவர்கள் துண்டுச் சீட்டில் எழுதி, நூலக வாசலில் உள்ள கேள்விப் பெட்டியில் போடுங்கள். பெயர் எழுத வேண்டாம். விலங்கியல் டீச்சரிடம் கேட்டு அடுத்த இதழில் பதில் எழுதுகிறோம்.