குமரிக் கடலில் மீன் மாநிலத்துக்கு, எண்ணெய் மத்திய அரசுக்கு

புது தில்லி: கன்னியாகுமரியை ஒட்டிய ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேடும் உரிமை பொதுத்துறை நிறுவனமான ஓ.என்.ஜி.சி.க்கு வழங்கப்பட்டுள்ளது. இதற்கான ஒப்பந்தம் 2025 ஏப்ரலில் கையெழுத்தானது. 3 வட்டாரங்கள், 27 ஆயிரம் சதுர கி.மீ.க்கும் மேற்பட்ட பரப்பு. ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு மத்திய அரசு, மறுதரப்பு நிறுவனம். தமிழக அரசுக்கு அதில் இடம் இல்லை.

இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. கண்டத் திட்டிலும் பொருளாதார மண்டலத்திலும் கடலடியில் உள்ள கனிமங்கள் அனைத்தும் மத்திய அரசையே சாரும் என்கிறது அரசியல் சட்டத்தின் 297-ஆவது பிரிவு. நிலத்தில் எண்ணெய் எடுத்தால் ராயல்டி மாநிலத்துக்குக் கிடைக்கும். கடலில் எடுத்தால் மத்திய கருவூலத்துக்கே செல்லும். அதுவும் மிக ஆழமான கடல் என்றால், வணிக உற்பத்தி தொடங்கிய முதல் 7 ஆண்டுகளுக்கு ராயல்டியே கிடையாது. பின்னர் 2 விழுக்காடுதான். ஆனால் 12 கடல் மைல் வரையிலான மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் உள்ளது. ஒரே கடலின் மேற்பரப்புக்கு ஒருவரும் அடிப்பரப்புக்கு மற்றொருவரும் பொறுப்பு என்ற விந்தையான ஏற்பாட்டில், பாதிப்பு ஏற்பட்டால் மீனவர் எவர் கதவைத் தட்டுவது என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லை.

பணி எவ்வாறு நடைபெறுகிறது? 2016-இல் அறிவிக்கப்பட்ட புதிய கொள்கைப்படி, எந்தப் பரப்பில் தேடலாம் என்பதை நிறுவனங்களே தேர்ந்தெடுத்து விருப்பம் தெரிவிக்கலாம். பின்னர் அப்பரப்பு ஏலத்துக்கு வரும். உரிமம் பெற்றதும் ஆய்வுக் கப்பல் கடலில் இறங்கும். பல கி.மீ. நீளமுள்ள உணர்கருவிக் கம்பிகளை இழுத்தபடி, அழுத்தப்பட்ட காற்றை நீருக்குள் வெடிப்புப் போல் வெளியேற்றிச் செல்லும். அந்த ஒலி அலைகள் பாறை அடுக்குகளில் பட்டு எதிரொலிப்பதைக் கொண்டு கடலடியின் படம் வரையப்படும். எண்ணெய் இருக்கலாம் என்று மட்டுமே அப்படம் சொல்லும். இருக்கிறதா என்பதைத் துளையிட்டே அறிய முடியும்.

ஆழ்கடலில் கால் ஊன்றி நிற்கும் மேடைகள் பயன்படா. துரப்பணக் கப்பல் செயற்கைக்கோள் உதவியுடன் தன் இயந்திரங்களால் ஒரே இடத்தில் மிதந்து நின்று துளையிடும். கிணற்றின் அழுத்தத்தை அடக்கக் கனமான சேற்றுக் கலவை உள்ளே செலுத்தப்படும். அதையும் மீறிப் பீறிட்டால் மூடுவதற்குக் கடலடியில் தடுப்புக் கருவி பொருத்தப்படும். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் அந்தக் கருவி கைவிட்டது. 11 பேர் உயிரிழந்தனர். எண்ணெய்க் கசிவு 87 நாள்கள் நீடித்தது. அது உற்பத்திக் கிணறு அன்று, சோதனைக் கிணறு.

இதை நினைவூட்டக் காரணம் உண்டு. சோதனைத் துளையிடும் திட்டங்களை 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 'பி-2' பிரிவுக்கு மாற்றியது. அப்பிரிவில் முழுமையான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் தேவையில்லை, மக்கள் கருத்துக் கேட்பும் தேவையில்லை. அதே ஆண்டு தமிழக சட்டப்பேரவை நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமோ டெல்டா நிலத்துக்கு மட்டுமே அரண், கடலுக்கு அன்று.

குமரி மாவட்ட மீனவர்கள் முதலில் சுட்டிக்காட்டுவது வாட்ஜ் திட்டையே. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வளமான மீன்பிடித் தளம் அது. கச்சத்தீவு குறித்து நாள்தோறும் பேசுவோர் பலரும் மறந்துவிட்ட செய்தி ஒன்று இதில் உண்டு. 1976-இல் இந்தியா, இலங்கை இடையே பரிமாறப்பட்ட கடிதங்கள் வாட்ஜ் திட்டின் மீது இந்தியாவின் உரிமையை உறுதி செய்தன. இலங்கைப் படகுகள் அங்கு மீன்பிடிக்க 3 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அதற்குள் பெட்ரோலியம் தேட இந்தியா முடிவு செய்தால் அப்பகுதியில் அப்படகுகள் மீன்பிடிப்பை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. அக்கடலடியின் மீது தில்லியின் கண் விழுந்து அரை நூற்றாண்டு ஆகிறது.

மன்னார் வளைகுடா அருகிலுள்ள மற்றொரு பரப்பு 10-ஆவது சுற்று ஏலத்தில் சேர்க்கப்பட்டதை எதிர்த்து, முதல்வர் என்ற முறையில் மு.க. ஸ்டாலின் 2025 மார்ச்சில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

மத்திய அரசின் வாதத்தையும் ஒதுக்கிவிட இயலாது. கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. எரிவாயுவில் ஏறத்தாழப் பாதி. தமிழர்கள் கணிசமாக வாழும் பெங்களூரு லிங்கராஜபுரத்தில் கடல் இல்லை, மீன்பிடித் துறைமுகம் இல்லை. ஆயினும் அந்நகருக்கு எரிவாயு கொண்டுவர, மகாராஷ்டிரத்தின் தாபோலில் இருந்து சுமார் 1,000 கி.மீ. குழாய் 2013-இல் அமைந்தது. தாபோல் முனையத்தில் கப்பலில் இருந்து இறங்குவது வெளிநாட்டு எரிவாயு. நகரத்து அடுப்பின் தேவையை எவரும் மறுக்கவில்லை. அதன் விலையைக் கடலோரம் மட்டும் சுமக்க வேண்டுமா என்பதே வழக்கு.

ஏலம் விட்டவுடன் எண்ணெய் வந்துவிடாது. மும்பை ஹையில் 1974-இல் கண்டறியப்பட்ட எண்ணெய் 1976-இலேயே உற்பத்திக்கு வந்தது. ஆழ்கடலில் அந்த வேகம் வாய்ப்பதில்லை. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் டி-6 வட்டாரத்தில் 2002-இல் கண்டறிந்த எரிவாயு 2009-இல்தான் வெளிவந்தது; ஓரிரு ஆண்டுகளிலேயே உற்பத்தி சரியத் தொடங்கியது. அருகிலுள்ள ஓ.என்.ஜி.சி.யின் 98/2 வட்டாரத்தில் முதல் எண்ணெய் கிடைத்தது 2024 ஜனவரியில்.

குமரிக் கடலில் இன்னும் ஆய்வுக் கட்டமே. அதுவரை கடலில் யார் எங்கே வலை விரிக்கலாம் என்பதை முடிவு செய்யும் பேச்சுவார்த்தையில் மீனவருக்கு ஓர் இருக்கை ஒதுக்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.