புகையும் பிள்ளைகளின் சுரப்புநீரும்

காற்று மாசுறுதலாற் பிள்ளைகட்கு விளையுந் தீங்கு யாதென வினவின், இருமலும் இழுப்புமே என்பர் பலர். அத்தீங்கு சுவாசப்பையோடு நிற்பதில்லை. வளர்ச்சியையும் பூப்பையும் ஆளும் ஓமோன்கள் குருதியில் மிகச் சிறிய அளவிலே நின்று தொழில்புரிவன. ஆதலின் அவற்றின் ஒழுங்கைக் குலைத்தற்குச் சிறிதளவு நஞ்சும் போதியதாகலாம். இத்தாலி நாட்டில் நிகழ்ந்ததொன்றை ஈண்டு நோக்குவாம்.

1976 யூலை 10ஆந் திகதி, மிலான் நகருக்கு வடக்கே இரசாயனத் தொழிற்சாலை ஒன்றிற் கலமொன்று மிகச் சூடேறியதனால், டயொக்சின் என்னும் நஞ்சு கலந்த முகில் எழுந்து செவேசோ என்னும் ஊரின்மேற் படிந்தது. கோழிகளும் முயல்களும் மடிந்தன. சிறுவர் பலரின் முகத்திற் பருக்கள் தோன்றின. கண்ணாற் கண்ட தீங்கு இவ்வளவே.

கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி தளருமாயின், மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி அதனைத் தூண்டும் நீரை மிகுதியாய்ச் செலுத்தும். அந்நீரின் அளவைப் பிறந்த மகவின் குதிக்காலிலெடுத்த துளிக் குருதியாலே அறியலாம். செவேசோத் தாய்மார் 1994 முதல் 2005 வரை ஈன்ற மகவுகளை ஆராய்ந்தோர் 2008இல் முடிவை வெளியிட்டனர். நஞ்சு படியாத இடத்து மகவுகளுள் நூற்றுக்கு 2.8 வீதமானோரிடம் அந்நீர் வரம்பு கடந்திருந்தது. நஞ்சு மிகப் படிந்த வட்டாரத்திலோ 16.1 வீதம். டயொக்சின் உடற்கொழுப்பிலே தங்குவது. அதிற் பாதி கழிதற்கே ஏழாண்டுகளும் அதற்கு மேலுஞ் செல்லும். சிறுமியாயிருந்தபோது ஏற்ற நஞ்சு, பதினெட்டாண்டு கழிந்தும் அவள் வயிற்றுப் பிள்ளையைத் தொட வல்லது. தைரொயிட்டுச் சுரப்பின்றி மூளை செவ்வனே வளராதென்பது ஆசிரியராகிய யாம் மறக்கத்தக்கதன்று.

ஆண்மக்களிடத்துக் கண்டது இன்னுஞ் சிந்திக்கத்தக்கது. ஒன்பது வயதுக்குள் நஞ்சுற்றோர்க்கு வளர்ந்தபின் விந்தணுக்கள் குறைந்திருந்தன. பத்து வயதின்மேல் நஞ்சுற்றோரிடம் அக்குறை காணப்படவில்லை.

செவேசோ எங்கே, நம்மூர் எங்கே எனலாம். அளவில் ஒப்பில்லை என்பது மெய்யே. எனினும் பீ.வீ.சீ. முதலிய குளோரீன் பொருந்திய பிளாஸ்ரிக்குகள் குப்பையோடு எரியும்போதும் டயொக்சின் பிறக்கின்றது. இலங்கையிற் பிளாஸ்ரிக் கலந்த குப்பையைத் திறந்த வெளியில் எரித்தல் 2017இலே தடைசெய்யப்பட்டது. ஆயினும், வளவு மூலையிற் சருகோடு கண்டதையெல்லாங் குவித்துக் கொளுத்தும் வழக்கம் நீங்கிற்றில்லை. நுளம்பு போகும் என்று நியாயமுஞ் சொல்வர்! சருகைத் தென்னையடியிற் புதைத்தால் நல்ல பசளையாகும். பிளாஸ்ரிக்கை வேறாக்கிக் குப்பை வண்டிக்குக் கொடுத்தல் வேண்டும். பாடசாலை முற்றத்திற் கூட்டிய குப்பைக்கு வகுப்பு நடக்கும்போதே நெருப்பு வைத்தல் எவ்விடத்தும் நிறுத்தப்படுக. ஆரம்பப் பிரிவிலே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுட் பெரும்பாலார்க்கு ஒன்பது வயது நிரம்பவில்லை.