ஃபால்ஸ் சீலிங் லைட்டை நீங்களே மாத்தப் போறீங்களா? மெயினை ஆஃப் பண்ணா மட்டும் போதாது!

ஃபால்ஸ் சீலிங்கில் எரியாமல் போன எல்.இ.டி. டவுன்லைட்டை நீங்களே மாற்றலாம். ஆனால், அதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

மெயின் ஆஃப் போதுமா?

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் போதாது. மெயினை ஆஃப் செய்ததும், 'கரன்ட் போயிடுச்சு' என்று இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து சப்ளை கொடுக்கத் தொடங்கிவிடும். அதுவும் 230 வோல்ட்தான்; உயிருக்கே ஆபத்து. எனவே இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று கரன்ட் இருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஆஃப் செய்த பிறகு ஒவ்வொரு வயரிலும் வைத்துப் பாருங்கள்.

எந்த அளவு வாங்குவது?

பழைய லைட்டைக் கழற்றி, சீலிங்கில் உள்ள ஓட்டையை அளந்துகொள்ளுங்கள். பெட்டியில் இருக்கும் 'கட்-அவுட்' அளவு அதற்குப் பொருந்த வேண்டும். லைட்டின் வெளிவட்டத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாந்துவிடுவீர்கள். ஓட்டை பெரிதாக இருந்தால் கிளிப் பிடிக்காது.

எப்படி மாட்டுவது?

பேஸ், நியூட்ரல் வயர்களை டிரைவரின் இன்புட்டில் கனெக்டர் வைத்து இணையுங்கள். செம்புக் கம்பி வெளியே தெரியக்கூடாது. ஸ்பிரிங் கிளிப்களை மேல்நோக்கி மடக்கி உள்ளே தள்ளினால், லைட் கவ்விக்கொள்ளும்.

எப்போது எலக்ட்ரீஷியன் தேவை?

வயர் கருகியிருந்தாலோ, புதிதாக பாயிண்ட் எடுப்பதாக இருந்தாலோ நீங்களே இறங்காதீங்க. லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிடுங்கள்.