கம்பி வைத்த காலும் வீட்டுப் பயிற்சியும்



மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்தவர், உள்ளே கம்பி வைத்து வீடு திரும்புகிறார். வீட்டார் என்ன செய்கிறார்கள்? கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. முழங்காலுக்கு அடியில் தலையணையை மடித்து வைக்கிறார்கள். பாசத்தினால்தான். ஆனால், நாள் கணக்கில் மடங்கியே கிடந்த முழங்கால் பிறகு நேராக நீட்ட வராது. தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

எலும்பு கூடுவதற்கு மாதக் கணக்காகும். தொடைத் தசையோ சில நாள்களிலேயே மெலியத் தொடங்கிவிடும். ஆகவே பிசியோதெரபி பகுதியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாமல் செய்யவேண்டும். மூன்று நாள் செய்துவிட்டு நிறுத்துகிறவர்கள்தாம் நம்மில் அதிகம்! காலை நீட்டி, முழங்காலைப் படுக்கையோடு அழுத்தி, ஐந்து எண்ணும்வரை தசையை இறுக்கி விடுங்கள். பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். இரத்தம் உறைந்துவிடாமலிருக்க அது உதவும்.

சமதரையில் நடக்க முழங்கால் ஏறத்தாழ 60, 70 பாகை மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழ 90 பாகையாவது வேண்டும். பால்மரத்தடியில் குந்தி வெட்டுகிறவருக்கு அதுவும் போதாது. பயிற்சியில் ஓரளவு வலி இருக்கத்தான் செய்யும். அதற்காக எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவுவதோ, பிறர் பிடித்து வலுவில் மடக்குவதோ கூடாது.

காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, மறுநாள்வரை காத்திராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.